பதினாலாம் படுக்கையின் பொட்டாசியம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் எண் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே கம்ப்யூட்டரின் ஒரே திரையில் திறக்கிற ஜன்னல்கள்தான். இடைப்பட்ட தூரம் நாலு விரற்கடை இருக்கும். அந்த நாலு விரற்கடையை நிர்வகிக்க மூன்றாம் மாடியில் ஒரு வாரியம் இருந்தது. பதினோரு உறுப்பினர்கள், ஒன்பது நாற்காலிகள், ஒரு ஏ.சி. பெயர், தகவல் இடமாற்ற ஒழுங்கு வாரியம். பெயர்ப்பலகை எழுத வந்த பெயின்டர் 'ஒழுங்கு' வரைக்கும் வந்ததும் பலகை தீர்ந்துவிட, 'வாரியம்' என்பதைச் சுவரில் எழுதிவிட்டுப் போய்விட்டார். சுவருக்கு ஒருமுறை வெள்ளையடித்ததிலிருந்து வாரியம் இல்லாத வெறும் ஒழுங்கு மட்டும் கதவுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு ஜன்னல்களில் ஒன்று லேப் ஜன்னல். ரத்தப் பரிசோதனை முடிவுகள் அதில் வரும். மற்றது வார்டு ஜன்னல். படுக்கை எண் வாரியாக அந்த முடிவுகளை நர்ஸ் அதில் ஏற்ற வேண்டும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுவார். லேப்பில் காப்பி, வார்டில் பேஸ்ட். ஒரு நொடி வேலை. ஆனால் வாரியத்தின் பதினேழாம் சுற்றறிக்கை, ஒரே திரையில் ஒரே சமயத்தில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கக் கூடாது என்றது. எப்போதோ ஒரு நோயாளியின் மைத்துனர் எட்டிப் பார்த்துவிட்டாராம். ஆகவே நர்ஸ் லேப் ஜன்னலைத் திறப்பாள், எண்ணைக் காப்பி செய்வாள், சுற்றறிக்கைப்படி ஜன்னலை மூடுவாள், வார்டு ஜன்னலைத் திறப்பாள், பேஸ்ட் என்று அமுக்குவாள். ஒன்றும் வராது. இன்னொரு தடவை அமுக்குவாள். அப்போதும் வராது. கொஞ்ச நேரம் திரையை முறைத்துவிட்டு, பால்பாயின்ட் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொள்ளப் பழகிவிடுவாள். ஆறாவது வார்டில் யார் கையைத் திருப்பினாலும் நீலமாக இருந்தது.

வார்டு வாசலில் இன்னொரு துறை மாட்டிய பலகையும் இருந்தது: 'நோயாளியைத் தொடுமுன் சோப்பு போட்டு நாற்பது விநாடி கைகழுவுக.'

அந்த வார்டு நர்ஸ்களில் ஒருத்தியான அக்கா இரண்டு உத்தரவுக்கும் கீழ்ப்படிகிற ஜாதி. அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. பதினாலாம் படுக்கையின் பொட்டாசியத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். வழியில் ஒன்பதாம் படுக்கைக்காரர் கூப்பிட்டார். கை கழுவினாள், நாற்பது விநாடி. கழுவிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் கை பளிச்சென்று இருந்தது. லேப் ஜன்னலை மறுபடி திறக்க வாரியத்தில் இன்னொரு தடவை அனுமதி வாங்க வேண்டும். ஞாபகத்திலிருந்து ஐந்து புள்ளி இரண்டு என்று ஏற்றினாள். உண்மையில் அது மூன்று புள்ளி இரண்டு. நல்லவேளை, டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்குத்தான் குற்றப் பத்திரிகை வந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேரே கேன்டீனுக்கு வந்தாள். அங்கே அவள் தம்பி டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அதே ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் எட்டு வருடமாக நிரல் எழுதுகிறவன். வயது முப்பத்தைந்தாகிவிட்டது, காதோரம் நரைக்க ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் அக்காவின் தம்பி என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவனுக்குத் தம்பி என்றே பெயர். டீனும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"படி," என்று தாளை நீட்டினாள் அக்கா.

படித்தான். 'நோயாளியின் ரகசியத் தகவலைச் சொந்தத் தோலில் சேமித்து வைத்தது. பின்னர் மேற்படித் தகவலை மேலதிகாரியின் அனுமதியின்றி சோப்பு போட்டு அழித்தது.'

"சொந்தத் தோலாம்டா. வேற யார் தோல்ல எழுதணுமாம்?"

"விசாரணை எப்போ?"

"வெள்ளிக்கிழமை. வாரியத் தலைவர்தான் விசாரணை அதிகாரி. இந்த மாதிரி கேஸுக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பறதுதான் வழக்கம்னு இப்பவே ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டாராம். பதினாறு வருஷ சர்வீஸ்டா எனக்கு. சின்னவளுக்கு இன்னும் ஸ்கூலே முடியல." மூக்கை உறிஞ்சிக்கொண்டவள், அடுத்த மூச்சில் அவன் மேல் பாய்ந்தாள். "நீ அந்தக் கம்ப்யூட்டர் ரூம்ல உக்காந்து என்னத்தைத்தான் கிழிக்கிற? ஒரு நம்பரை இந்தப் பக்கத்துல இருந்து தூக்கி அந்தப் பக்கம் வைக்கத் துப்பில்ல!"

"அக்கா, நீ காப்பின்னு அமுக்கினதும் அந்த நம்பர் எங்க போகுதுன்னு நினைக்கிற?"

"எங்கயாவது உள்ள போய் உக்காந்திருக்கும்."

"எங்கயும் போகாது. லேப் ஜன்னல் ஒரு சத்தம் மட்டும் குடுக்கும். 'நம்பர் என்கிட்ட இருக்கு, வேணுங்கறவங்க வந்து கேளுங்க.' அவ்வளவுதான். நீ வார்டு ஜன்னல்ல பேஸ்ட் அமுக்கறப்பதான் அது கேக்கும், 'யாருப்பா வச்சிருக்கீங்க?' அப்பதான் இது எடுத்துக் குடுக்கும்."

"நடுவுல நான் லேப் ஜன்னலை மூடிட்டா?"

"சொன்ன ஆளே இல்லையே. யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அக்கா டீ கிளாஸை நகர்த்தி வைத்தாள். "அதாவது, 'என்கிட்ட இருக்கு, என்கிட்ட இருக்கு'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, போய்க் கேக்கற நேரத்துல ஆளு எஸ்கேப்."

"ஆமா."

"இதை யாருடா எழுதினது, நம்ம ஸ்டோர் கீப்பரா?"

"உலகத்துல பாதி இடத்துல இப்படித்தான்க்கா. ஆனா அங்கெல்லாம் ஜன்னல் மூடறதுக்குள்ள ஓடிப்போய் நம்பரை வாங்கி வச்சுக்க ஒரு குட்டி புரோகிராம் இருக்கும். நம்மகிட்ட அது இல்ல."

"அப்போ எழுதித் தொலையேன்!"

எழுதினான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் நாலு மணி டீக்கும் இடையில் எழுதி முடித்துவிட்டான். முப்பத்தெட்டு வரிகள். 'வைப்பாளர்' என்று பெயர் வைத்தான். லேப் ஜன்னல் மூடப்போகும்போது வைப்பாளர் தலைநீட்டி, 'உன்கிட்ட இருக்கிறதை என்கிட்ட குடுத்துட்டுப் போ' என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். அப்புறம் வார்டு ஜன்னல் கேட்டால் இது கொடுக்கும். ஐந்து தடவை ஓட்டிப் பார்த்தான். மூன்று புள்ளி இரண்டு ஐந்து தடவையும் மூன்று புள்ளி இரண்டாகவே வந்து உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர் பிரிவு மேலாளர் பார்த்துவிட்டு, "பிரமாதம் தம்பி. வாரியத்துல வச்சிடலாம்," என்றார். அவர் முகத்தில் அனுதாபம் தெரிந்ததைத் தம்பி அப்போது கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பதினோரு பேரும் கூடினார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். தம்பி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தான். தலைவர் எழுந்து, மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து அதே இடத்தில் வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"நண்பர்களே! நகல் எடுக்கறதுன்னா ஏதோ எடுக்கறதுன்னு பாமரன் நினைக்கிறான். இல்லை. நகல் என்பது ஓர் உரிமைக் கோரல்! நானும் இருபத்தாறு வருஷமா இந்த நிர்வாகத்துல இருக்கேன். ஒரு ஃபைலையாவது கையில வச்சிருப்பேனா? கிடையாது. ஆனா எந்த ஃபைலைக் கேட்டாலும் 'என்கிட்டதான் இருக்கு'ன்னு சொல்லியிருக்கேன். வந்து கேட்டா எடுத்துக் கொடுத்திருப்பேன். கேக்கறதுக்குள்ள எனக்குப் பதவி உயர்வு வந்துடும், வேற அறைக்குப் போயிடுவேன். அது என் குற்றமா? இந்தக் கம்ப்யூட்டர் நம்ம நிர்வாக முறையை எவ்வளவு நுட்பமாப் புரிஞ்சு வச்சிருக்கு பாருங்க!"

கைதட்டினார்கள். உட்கார இடம் கிடைக்காத இரண்டு பேர் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார்கள்.

சட்ட ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இந்த வைப்பாளர் நிரந்தரப் பணியாளரா, தற்காலிகமா?"

"சார், அது ஆள் இல்ல. புரோகிராம்."

"புரோகிராமாவே இருக்கட்டும். ஒருத்தருக்குச் சொந்தமான தகவலை இன்னொருத்தர் வாங்கி வச்சுக்கறதுன்னா, என்ன அதிகாரத்துல வாங்கறார்? நியமன உத்தரவு எங்க?"

"வாங்கி வைக்கலைன்னா நம்பர் போயிடும் சார்."

"போனா போகட்டும். போனதுக்கு யாரும் பொறுப்பில்லை. இருந்தா யாராவது ஒருத்தர் பொறுப்பாகணும். அது எவ்வளவு பெரிய சிக்கல்னு யோசிச்சுப் பார்த்தீங்களா?"

அடுத்து வடிவ அலுவலர். அந்த ஆஸ்பத்திரியில் அப்படியும் ஒருத்தர் இருந்தார். "வார்டு எந்த வடிவத்துல கேக்குது? எண்ணாவா, எழுத்தாவா, தடித்த எழுத்தாவா, படமாவா?"

"எண்ணாத்தான் சார். மூணு புள்ளி ரெண்டு."

"நீங்களே எப்படி முடிவு பண்ணலாம்? முதல்ல வார்டு, 'உங்களிடம் என்னென்ன வடிவங்கள் கைவசம் உள்ளன?'ன்னு லேப்புக்கு எழுதணும். லேப் ஒரு பட்டியல் அனுப்பும். வார்டு அதுல ஒண்ணை டிக் பண்ணி அனுப்பும். அப்புறம்தான் தகவல். அதுவும் பெரிசா இருந்தா தவணை முறையில."

"மூணு புள்ளி ரெண்டு பெரிசா சார்?"

"இன்னிக்கு மூணு புள்ளி ரெண்டும்பீங்க, நாளைக்கு முப்பது பக்கம்பீங்க. விதி ஒண்ணாத்தான் இருக்கணும். முதல்ல 'மூணு' போகும். கிடைத்ததுன்னு வார்டு ஒப்புதல் குடுக்கும். அப்புறம் 'புள்ளி'. ஒப்புதல். அப்புறம் 'ரெண்டு'."

"மூணு வந்ததுமே டாக்டர் ஊசி போட்டுட்டா?"

"அது மருத்துவம். நம்ம வாரியத்துக்கு வெளியில," என்று வடிவ அலுவலர் கைகளை விரித்தார்.

யார் கடைசியாகக் காப்பி செய்தார்களோ அவர்களுக்கே உரிமை என்று தம்பி சொன்னதும், கடைசி என்பதை எந்தக் கடிகாரப்படி முடிவு செய்வது என்ற பிரச்சினை முளைத்தது. லேப் கடிகாரம் ஆறு நிமிடம் முன்னால் ஓடியது. வார்டு கடிகாரம் நாலு நிமிடம் பின்னால் கிடந்தது. வாரியத்தின் கடிகாரம் நின்றே போயிருந்தது. நின்று போன கடிகாரம் ஒருபோதும் கருத்து மாறாதது என்பதால் அதையே அதிகாரபூர்வக் கடிகாரமாக வைத்துக்கொள்ள ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அதன்படி அந்த ஆஸ்பத்திரியில் எல்லாக் காப்பியும் பத்து நாற்பதுக்கு நடந்தது.

தம்பி மேலாளரைப் பார்த்தான். மேலாளர் ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அவனுடைய முப்பத்தெட்டு வரிகள் திருத்தங்களோடு திரும்பி வந்தன. 'வாங்கி வைத்துக்கொள்ளும்' வேலை செய்கிற வரிகள் எல்லாம் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. கீழே தலைவர் கைப்பட ஒரு வாசகம்: 'காலியாக ஒட்டுவது நிர்வாகத்துக்கு அழகல்ல. உரிமையாளர் மூடிச் சென்றிருந்தால், அவருக்கு முன் உரிமை கோரி இன்னும் மூடாமல் இருப்பவரிடம் பெற்று ஒட்டுக.'

"சார், இது விபரீதமாயிடும்," என்றான் மேலாளரிடம். "நம்பர் இல்லைன்னா, அதுக்கு முன்னாடி வேற எங்கயோ எதையாவது காப்பி பண்ணியிருந்தா, அது வந்து ஒட்டிக்கும்."

"ஏதோ ஒண்ணு வருதில்ல? அவங்களுக்கு அது போதும். வியாழக்கிழமை மேலிடத்துல இருந்து ஆய்வாளரம்மா வராங்க, செயல்விளக்கம் காட்டணும். எழுதிக் குடுத்துடு தம்பி."

எழுதிக் கொடுத்தான். விளையாட்டாகவும் இல்லை, பழிவாங்கவும் இல்லை. களைத்துப் போய்த்தான். அன்று மாலை பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் வெறும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.  அவள் திட்டாமல் வந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

செயல்விளக்கத்தைத் தலைவரின் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் பெரிய திரை அதுதான். ஆய்வாளரம்மா நடு நாற்காலியில் அமர்ந்தார். கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் ஒரு கோப்பைத் திறந்து, பார்த்ததை எல்லாம் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வருகிறவர் அவர். அக்காவையும் கூட்டி வந்து சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். குற்றம் எப்படி நடந்தது என்பதற்கு அவள்தான் காட்சிப்பொருள்.

பதினேழாம் சுற்றறிக்கையின் கடைசி வரியைத் தம்பி அப்போதுதான் நினைத்துப் பார்த்தான். 'வாரியத் தலைவர் நீங்கலாக.' தலைவரின் கம்ப்யூட்டரில் ஜன்னல் எதுவும் எப்போதும் மூடப்பட்டதில்லை. திரையின் அடியில் அவை வரிசையாக மடங்கிக் கிடந்தன.

டைப்பிஸ்ட் லேப் ஜன்னலைத் திறந்தார். பதினாலாம் படுக்கை, பொட்டாசியம், மூன்று புள்ளி இரண்டு. காப்பி செய்தார். ஜன்னலை மூடினார். வார்டு ஜன்னலைத் திறந்தார். பொட்டாசியம் கட்டத்தில் அம்புக்குறியை வைத்து, தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார். பேஸ்ட்.

கட்டம் நிரம்பியது. நிரம்பி, பக்கத்துக் கட்டங்களைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கியது. ஆய்வாளரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

"'விசாரணை முடிவு. மேற்படி செவிலியர் கவனக்குறைவாக அதிவேகத்தில் பின்னோக்கி வந்து ஆஸ்பத்திரியின் தெற்கு மதில் சுவரை இடித்ததும், இடித்தபின் இறங்கிப் பாராமல் ஹாரன் அடித்ததும் ஐயமற நிரூபணமாகிறது. விசாரணையில் செவிலியர் தம் மீசையைத் தடவியபடி அலட்சியமாகப் பதிலளித்தார். எனவே அவர் ஆறு மாத காலத்துக்கு ஆம்புலன்ஸ் ஓட்டத் தடை விதிக்கப்படுகிறது. வண்டிச் சாவியை ஒப்படைத்த பின் வழக்கமான பிற பணிகளைத் தொடரலாம்.'"

 மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர் மேல் எழுதிய முடிவு அது. நாளை நடக்கப்போகிற விசாரணைக்குத் தலைவர் அதை எடுத்து, டிரைவர் என்று வந்த இடத்திலெல்லாம் செவிலியர் என்று மாற்றி, காப்பி செய்து வைத்திருந்தார். மற்றதையும் தண்டனையையும் சாவகாசமாக மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தார் போலிருக்கிறது.

அக்கா மெதுவாகக் கையை உயர்த்தி மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பொட்டாசியம் ரொம்ப விரிவா இருக்கே," என்றார் ஆய்வாளரம்மா. "ஒட்டுச்சா?"

"ஒட்டுச்சும்மா," என்றார் வடிவ அலுவலர்.

"அப்புறம் என்ன? என்ன ஒட்டுச்சுங்கறது எங்க பிரிவு இல்லை." அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லி, 'பார்வையிடப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். கோப்பை மூடிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

தலைவர் முகம் வெளிறியிருந்தது. "சும்மா ஒரு வரைவுதான் அது, மாத்திடலாம்," என்றார்.

"எப்படி மாத்துவீங்க?" என்றார் சட்ட ஆலோசகர், அச்சான தாளைத் தூக்கிப் பிடித்து. "மேலிடம் கையெழுத்துப் போட்டாச்சு. வரைவுன்னு சொன்னா விசாரணைக்கு முன்னாடியே முடிவு எழுதினீங்கன்னு ஆகும். தப்புன்னு சொன்னா காப்பி அடிச்சீங்கன்னு ஆகும். ரெண்டுல எது வேணும்?"

தலைவர் பேனாவை எடுத்து அதே இடத்தில் வைத்தார். "தீர்ப்பு தீர்ப்புதான்," என்றார்.

வெள்ளிக்கிழமை விசாரணை ஆறு நிமிடத்தில் முடிந்தது. சாவியை ஒப்படைக்கச் சொன்னார்கள்.

"சார், எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது," என்றாள் அக்கா.

"சாவி ஒப்படைக்கலைன்னா அது தனிக் குற்றமாயிடும்மா."

தம்பி தன் மேஜை இழுப்பறையைக் குடைந்து, எப்போதோ தொலைந்த பூட்டு ஒன்றின் துருப்பிடித்த சாவியை எடுத்துக் கொடுத்தான். 'வண்டிச் சாவி, எண்ணிக்கை ஒன்று, நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று ரசீது தந்தார்கள். அக்கா அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

"ஆறு மாசம் வண்டி ஓட்ட முடியாதேடா," என்றாள் படியிறங்கும்போது. ரொம்ப நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள். உடனே நின்றுவிட்டாள். "அது சரி, அந்த நம்பர் எப்படிடா அந்தப் பக்கம் போகும்?"

அதற்கும் வாரியம் வழி செய்தது. இன்னும் மூடாமல் இருப்பவரிடமிருந்து பெறுவதை நிறுத்திவிட வேண்டும் என்பதில் தலைவர் இப்போது உறுதியாக இருந்தார். முப்பத்தெட்டு வரி வைப்பாளருக்கோ நியமன உத்தரவு போட முடியவில்லை, படிவம் பிறந்த தேதி கேட்டது. சட்ட ஆலோசகர்தான் வழி சொன்னார். எழுதி வைக்கத் தடை இருக்கிறது. கம்ப்யூட்டரில் வாங்கி வைக்கத் தடை இருக்கிறது. மனதில் வைத்துக்கொள்ள எந்தச் சட்டத்திலும் தடை இல்லை. பொருத்தமான ஆளும் இருக்கிறார், வைப்பாளரின் வேலை அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மறு திங்கட்கிழமை முதல் தம்பி ஆறாவது வார்டில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். நர்ஸ் லேப் ஜன்னலைத் திறந்து எண்ணைச் சொல்வாள். அவன் மனதில் வாங்கிக்கொள்வான். நர்ஸ் அந்த ஜன்னலை மூடி, வார்டு ஜன்னலைத் திறந்து, "தம்பி?" என்பாள். அவன் சொல்வான். பேனா வைத்திருக்கக் கூடாது. பேப்பர் கூடாது. உள்ளங்கைகளைக் காலையும் மாலையும் வாரியத்தில் காட்ட வேண்டும்.

"நீ சாப்பிடப் போனா என்னடா ஆகும்?" என்றாள் அக்கா முதல் நாளே.

"நம்பர் போயிடும்."

"பாத்ரூம்?"

"அதுவும் அப்படித்தான்."

மூன்றாம் நாள் தலைவரே நேரில் பார்வையிட வந்தார். அப்போதுதான் அக்கா பதினாலாம் படுக்கையின் புதிய எண்ணைச் சொல்லி, லேப் ஜன்னலை மூடியிருந்தாள். தம்பி உதட்டுக்குள் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். தலைவர் அவன் தோளில் கை வைத்தார்.

"நண்பர்களே! இந்த வாரியம் இதுவரைக்கும் அம்பத்தாறு கூட்டம் நடத்தி, நூத்திப் பன்னிரண்டு தீர்மானம் போட்டு, பதினேழு சுற்றறிக்கை வெளியிட்டு, மூணு துணைக்குழு அமைச்சு, அதுல ரெண்டைக் கலைச்சு..."

பதினைந்து நிமிடம் பேசினார். எண்களாகவே பேசினார். பேசி முடித்துக் கைகுலுக்கிவிட்டு, அடுத்த வார்டுக்குப் போனார். அக்கா வார்டு ஜன்னலைத் திறந்து, கட்டத்தில் அம்புக்குறியை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"தம்பி?"

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். அம்பத்தாறு வந்தது. நூத்திப் பன்னிரண்டு வந்தது. பதினேழு வந்தது. அதற்கு முன்னால் இருந்தது மட்டும் வரவில்லை. பதினாலாம் படுக்கைக்காரர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வராந்தாவில் தலைவரின் செருப்புச் சத்தம் தேயும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு மேஜைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், இடது கையை அவன் பக்கம் நீட்டி விரித்தாள். உள்ளங்கை நடுவில் நீல மையில் பளிச்சென்று இருந்தது: 4.1.

"சீக்கிரம் பாத்துச் சொல்லித் தொலை," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் கை கழுவணும்."